அறுபதுக்குப் பின் ஆர்க்கிட்

வயது ஏறும்போது மூளையின் எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. புதிய தகவலைச் சட்டென்று பிடித்துக்கொள்வது, இரண்டு மூன்று விஷயங்களை ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்திப் பார்ப்பது, முகத்துக்குப் பெயரைப் பொருத்துவது ஆகியவை நடுவயதிலேயே மெல்லத் தளரத் தொடங்குகின்றன. சொல்வளம், தொழில் அனுபவம், உலக ஞானம் ஆகியவை எழுபதைத் தாண்டியும் பெரும்பாலும் குலையாமல் நிற்கின்றன. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் முதல் வகையை நெகிழ் அறிவு என்றும், இரண்டாவதைத் திரண்ட அறிவு என்றும் பிரித்தார். முதுமையில் மனக்கூர்மை பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியதுதான்.

பணி ஓய்வுக்குப் பிறகு அந்த முதல் வகைக்குத்தான் வேலை குறைந்துபோகிறது. காலையில் செய்தித்தாள், பிற்பகலில் தொலைக்காட்சித் தொடர், இருபது வருடமாகப் போட்டுப் பழகிய குறுக்கெழுத்து என்று பொழுது போகிறது. இவற்றில் தவறு எதுவும் இல்லை. மூளைக்கு எல்லாமே தெரிந்த பாதை என்பதுதான் குறை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் தலைமையில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு இந்த வேறுபாட்டையே சோதித்துப் பார்த்தது. 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர் அதில் பங்கேற்றார்கள். சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலையையும், சிலர் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பதையும், சிலர் இரண்டையும் புதிதாகக் கற்றார்கள். வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். வேறொரு குழு கூடிப் பேசிச் சிரித்துப் பொழுதைக் கழித்தது. இன்னொரு குழு வீட்டிலேயே இசை கேட்டது, சொல் விளையாட்டு ஆடியது. முடிவில், கடினமான ஒன்றைப் புதிதாகக் கற்றவர்களுக்குத்தான் நினைவாற்றல் தெளிவாக மேம்பட்டிருந்தது.

கல்வி, சவாலான தொழில், பலதரப்பட்ட ஈடுபாடு ஆகியவை மூளைக்கு ஒரு சேமிப்பை உண்டாக்குகின்றன என்பது கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாக்கோவ் ஸ்டெர்ன் வளர்த்தெடுத்த கருத்து. மூளைத் திசுவில் ஒரே அளவு சேதம் இருக்கும் இருவரில் ஒருவர் தடுமாறுகிறார், மற்றவர் இயல்பாக நடமாடுகிறார் என்றால், அந்தச் சேமிப்பே காரணமாக இருக்கலாம் என்கிறது இந்த விளக்கம். அறுபதுக்குப் பிறகும் அதில் சேர்க்க முடியும் என்பதே பலரும் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி.

ஆர்க்கிட் வளர்ப்பு இந்தத் தேவைக்கு வியக்கத்தக்க விதத்தில் பொருந்துகிறது. ஆர்க்கிட் குடும்பத்தில் சுமார் 28,000 இனங்கள் உண்டு. இந்தியாவில் மட்டும் 1,250க்கு மேற்பட்டவை பதிவாகியுள்ளன. மனிதர் உருவாக்கிய கலப்பினங்கள் லட்சத்தைத் தாண்டும். ஒரு வகைக்குச் சரியான பராமரிப்பு அடுத்த வகையைக் கொன்றுவிடும். ஒரே வகையில் பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு ஆறு மாதத்தில் அது பழக்கமாகிவிடும். கை செய்யும், மனம் வேறெங்கோ இருக்கும். பத்து வகையில் ஒவ்வொரு தொட்டி வைத்திருப்பவரால் அப்படி இருக்க முடியாது. மனக்கூர்மைக்காக ஆர்க்கிட்டை நாடுகிறவர்கள் செடிகளின் எண்ணிக்கையைவிட வகைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பலன் தரும்.

முதல் பாடம், ஏற்கெனவே தெரிந்ததை மறப்பதில் தொடங்குகிறது. நாற்பது வருடம் ரோஜாவும் மல்லிகையும் வளர்த்த கை, புதுச் செடி வந்ததும் செம்மண்ணும் எருவும் கலந்து நட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றும். வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை அப்படி நட்டால் சில வாரங்களிலேயே வேர் அழுகிச் செத்துவிடும். அவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. புல்லுருவியைப்போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் அவற்றுக்கு இருப்பிடம் மட்டுமே. வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. இறந்த செல்களால் ஆன அந்த உறை மழை பட்ட சில நிமிடங்களில் நீரை ஈர்த்துக்கொள்கிறது. பிறகு காற்றில் உலர்கிறது. உலர்ந்திருக்கும்போது வேர் வெள்ளி நிறம். நனைந்ததும் உறை ஒளி ஊடுருவும்படி ஆகி, உள்ளிருக்கும் பச்சை தெரிகிறது. தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்பதை நாள்காட்டி சொல்வதைவிட அந்த நிறம் சரியாகச் சொல்லும். எனவே தொட்டியில் மண்ணே இல்லாமல் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவையே நிரப்பப்படுகின்றன. பழகிய கையைத் தடுத்து நிறுத்தி வேறு விதமாகச் செய்ய வைப்பது மூளையின் முன்பகுதிக்குரிய வேலை. வயதோடு தளரும் திறன்களில் அதுவும் ஒன்று.

தமிழ்நாட்டுச் சமவெளியில் தொடங்க ஏற்றது டென்ட்ரோபியம். பூக்கடைகளில் ஊதாவும் வெள்ளையுமாக நீண்ட தண்டில் விற்கும் சோனியா ரகம் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். சென்னை, திருச்சி வெயிலைப் பாதி வடிகட்டும் நிழல்வலையின் கீழ் அது நன்றாக வளர்கிறது. கரும்பு போன்ற தண்டுகளில் நீரையும் உணவையும் சேமித்துக்கொள்வதால் ஒரு நாள் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இலை உதிர்ந்து மொட்டையான பழைய தண்டு செத்ததென்று வெட்டிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அதில் சேமிப்பு இன்னும் இருக்கிறது; அடுத்த முளை அதை உண்டுதான் எழும்.

வாண்டா முற்றிலும் வேறு குணம். அதற்குத் தொட்டி தேவையில்லை. மரச்சட்டக் கூடையில் வேர்கள் காற்றில் தொங்கினால் போதும். சேமிப்புத் தண்டு இல்லாததால் கோடையில் தினமும் காலையில் வேர் முழுவதும் பச்சையாகும்வரை தண்ணீர் தெளித்தாக வேண்டும். வெளிச்சமும் நிறைய வேண்டும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, மஞ்சளித்துச் சிவப்புப் படர்ந்தால் அதிகம். பசுமை மிதமாக இருக்கும் இடம் எதுவென்று கண்டுபிடிக்கும்வரை கூடையை மாடியில் இடம் மாற்றி மாற்றித் தொங்கவிட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு மாமரங்களிலேயே இயற்கையாக ஒட்டி வளரும் வாண்டா டெசலேட்டா என்ற இனமும் உண்டு. வாண்டா கலப்பினமாக அறியப்பட்ட மிஸ் ஜோக்கிம், 1893இல் சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்திலிருந்து உலகுக்கு அறிமுகமானது. 1981இல் அந்நாட்டின் தேசிய மலரானது.

அடுத்தது பெலனாப்சிஸ். பட்டாம்பூச்சி விரித்த சிறகைப் போன்ற பூக்கள் இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்கும். இதற்கு நேர்வெயில் ஆகாது. சன்னலோர வெளிச்சம் போதும். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி இரவு முழுவதும் நின்றால் குருத்து அழுகும். அதனால் காலையில் மட்டுமே தண்ணீர், குருத்தில் தேங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். இது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கும் செடி. பூந்தண்டு விட, வெப்பநிலை சில வாரங்கள் சுமார் 25 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். கோவையிலும் பெங்களூரிலும் அது எளிது. சென்னையிலும் மதுரையிலும் மார்கழி, தை இரவுகள்தான் வாய்ப்பு. சித்திரையில் பூத்த நிலையில் வாங்கி வந்த செடி மறுபடி ஏன் பூக்கவில்லை என்று தவிப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

சிக்கிமின் மாநில மலரான டென்ட்ரோபியம் நோபிலே பொறுமையைச் சோதிக்கும். பெயரில் டென்ட்ரோபியம் என்று இருந்தாலும் முன்னே சொன்ன சோனியாவின் பராமரிப்பு இதற்குச் செல்லாது. மழைக்காலம் முழுவதும் தாராளமாக நீரும் உரமும் கேட்கும். குளிர்காலம் வந்ததும் உரத்தை அடியோடு நிறுத்தி, நீரையும் பெரிதும் குறைத்து, குளிரில் பட்டினி போட வேண்டும். இரக்கப்பட்டுத் தொடர்ந்து உரம் வைத்தால் கணுக்களில் பூவுக்குப் பதிலாகக் குட்டிச்செடிகள் முளைத்துவிடும். எப்போது செய்ய வேண்டும் என்பதோடு எப்போது செய்யாமல் இருக்க வேண்டும் என்பதையும் மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்க வைக்கும் செடி இது. வருங்காலத்தில் செய்யவேண்டியதை உரிய நேரத்தில் நினைவுகூரும் இந்தத் திறன்தான், மாத்திரை போடுவதிலும் மின்கட்டணம் கட்டுவதிலும் முதியவர்களுக்கு அன்றாடம் தேவைப்படுகிறது.

கேட்லியா பெரிய பூவும் மணமும் கொண்டது. இரண்டு நீர்ப்பாய்ச்சலுக்கு இடையில் நன்றாகக் காய வேண்டும் என்பதே அதன் முக்கிய விதி. சிம்பிடியம் குளிர்ந்த இரவுகளை விரும்புவது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு உரியது, சமவெளியில் முயல்வது பெரும்பாலும் வீண். செருப்பு வடிவ உதடு கொண்ட பாபியோபெடிலம் தரையில் வளர்வது. நிழலை நாடும், முற்றாகக் காயவும் கூடாது. இதன் ஓர் இனமான பாபியோபெடிலம் ட்ரூரியை உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் அகத்தியர் மலைப் பகுதிக்கு மட்டும் உரியது. பொன்மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு ஓடும் அந்தப் பூவின் அழகே அதற்கு எமனாயிற்று. சேகரிப்பாளர்கள் பறித்துப் பறித்து அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள். காட்டு ஆர்க்கிட்டுகளின் பன்னாட்டு வணிகம் சைட்டஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. பாபியோபெடிலம் இனங்கள் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. மலைச் சுற்றுலா போனவர்கள் மரத்திலிருந்து பிய்த்து வந்து வீட்டில் கட்டும் வழக்கம் முற்றாக ஒழிய வேண்டும். காட்டு இனங்களை நேரில் பார்க்க, ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது.

காட்டிலிருந்து எடுக்க வேண்டிய தேவையும் இன்று இல்லை. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. ஒரு காயில் லட்சக்கணக்கில் இருக்கும். முளைக்கும் கருவுக்கு உணவாகும் சேமிப்பு அதில் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை அந்த உணவைக் கொடுத்தால்தான் முளைக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899இல் இந்த உறவைக் கண்டறிந்தார். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைத்துக் காட்டினார். ஒரு காலத்தில் செல்வந்தர்களின் கண்ணாடி மாளிகைகளில் மட்டும் இருந்த செடி இன்று ஓய்வூதியக்காரரின் பால்கனிக்கு வந்திருப்பதற்கு அந்த முறையும், பின்னர் வந்த திசு வளர்ப்பும்தான் காரணம்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, நிரப்பிய மட்டைத் துண்டுகள் மக்கத் தொடங்கும்போது, செடியைத் தொட்டி மாற்ற வேண்டும். இந்த வேலையில் கண், கை, தீர்மானம் மூன்றும் ஒன்றுசேர்கின்றன. முதலில் தொட்டியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவிடுவார்கள். தொட்டியின் சுவரில் ஒட்டிய வேர்கள் நெகிழும். செடியை மெல்ல அசைத்து வெளியே எடுத்தபின், வேர்களை ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையில் பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும். உறுதியாக இருந்தால் அது உயிருள்ள வேர், நிறம் பழுப்பாக இருந்தாலும் விட்டுவிடலாம். குழைந்து, மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் செத்த வேர். அதை வெட்ட வேண்டும். வெட்டும் கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் தீயில் காட்டி ஆறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வைரஸ் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குத் தொற்றும். வெட்டிய இடத்தில் கரித்தூள் தடவி, புதிய துண்டுகளை வேர்களுக்கிடையே அடைத்து, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டி, சில நாள் தண்ணீர் காட்டாமல் நிழலில் வைப்பார்கள். பதினைந்து, இருபது வேர்களுக்கு இப்படித் தனித்தனியே முடிவெடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஓடிவிடும். வேறு எந்த நினைப்பும் இடையில் நுழைவதில்லை.

குறிப்பேடு இந்தப் பொழுதுபோக்கின் இன்னொரு பாதி. எந்தச் செடி எப்போது வந்தது, எப்போது தொட்டி மாறியது, முளை விட்ட தேதி, பூந்தண்டு தெரிந்த தேதி, அந்த வாரத்தின் குளிர் எவ்வளவு என்று எழுதி வைப்பவர்களுக்கு, இரண்டாவது ஆண்டிலேயே செடிகளின் போக்கு புரியத் தொடங்கும். எழுதி வைப்பது நினைவாற்றலைச் சோம்பலாக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒழுங்காகக் குறித்துக்கொள்வதும் நினைவைக் காக்கும் நல்ல உத்திதான். பெயர்களைக் கற்பதும் அப்படியே. 1856இல் இங்கிலாந்தின் வீட்ச் நாற்றங்காலில் ஜான் டொமினி வளர்த்துப் பூக்க வைத்த கலாந்தே டொமினி தொடங்கி, ஒவ்வொரு கலப்பினத்துக்கும் தாய் தந்தை வழி பதிவாகி வருகிறது. அந்தப் பதிவேட்டை லண்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் பராமரிக்கிறது. கையில் இருக்கும் செடியின் பாட்டன் பூட்டன்வரை தேடிப் போனால், அது எந்தக் குணத்தை எங்கிருந்து பெற்றது என்பது தெரியவரும். உறவுமுறை சொல்வதில் தேர்ந்த பாட்டிமார்களுக்கு இது எளிதில் வசப்படும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆர்க்கிட் வளர்த்தால் டிமென்ஷியா வராது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. பொதுவாகத் தோட்ட வேலை பற்றித் தரவு உண்டு. ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் 60 வயதைத் தாண்டிய 2,805 பேரைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் தினமும் தோட்ட வேலை செய்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் அபாயம் 36% குறைவாகக் காணப்பட்டது. ஆனால் உடலும் மனமும் நன்றாக இருப்பவர்கள்தானே தோட்டத்தில் இறங்குவார்கள்? தோட்டம் காத்ததா, முன்பே இருந்த நலம் தோட்டத்துக்கு அனுப்பியதா என்பதை இத்தகைய ஆய்வால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது. டிமென்ஷியா பற்றிய லான்செட் குழுவின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளைப் பட்டியலிடுகிறது. அவை அத்தனையும் நீங்கினால் உலகில் சுமார் 45% டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகை, காது கேளாமை, பார்வைக் குறை, தனிமை ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. காது கேட்கும் கருவி வாங்கத் தயங்கிக்கொண்டு செடி வாங்கினால் பயன் பாதிதான்.

தனிமைக்கு இந்தச் செடிகள் ஓரளவு மருந்தாகின்றன. குட்டிச்செடியைப் பிரித்துக் கொடுப்பது, பூத்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவது, மலர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோவது என்று பேச்சுக்கு வழி பிறக்கிறது. இதில் குடும்பத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு செடி கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு என்றார்கள். இன்னொரு தளத்தில் செடியைக் கொடுத்து, செவிலியர்களே தண்ணீர் ஊற்றுவார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்போடும் மலர்ச்சியோடும் காணப்பட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம் வீடுகளுக்கு அது சொல்வது அதிகம். "நீங்க சும்மா உட்காருங்கப்பா, நான் ஊத்திடறேன்" என்று பூவாளியைப் பிடுங்கிக்கொள்ளும் அன்பு, அந்தச் செடியால் வரக்கூடிய நன்மையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறது. தண்ணீர் எப்போது, எவ்வளவு என்ற முடிவு பெரியவருடையதாகவே இருக்கட்டும், ஒரு செடி போனாலும் பரவாயில்லை.

முதியவர்களுக்கேற்ற ஏற்பாடுகள் சில. தொட்டிகளை இடுப்பு உயரப் பலகையில் வைத்தால் குனிந்து எழும்போது வரும் தலைசுற்றலும் விழுகையும் தவிரும். ஈரத் தரை வழுக்கும், அதனால் செடிகளுக்கு நடுவே நடக்கும் இடம் உலர்வாக இருக்க வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் கூடையைக் கப்பி கட்டி இறக்கும்படி செய்துவிடலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும். ஆர்க்கிட் வேருக்கும் அது கேடு. மாவுப்பூச்சி, செதில் பூச்சிக்கு வீரியமான பூச்சிமருந்தை வீட்டுக்குள் அடிக்காமல், ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுப்பதே நல்லது. உப்புத் தண்ணீர் இலைநுனியைக் கருக்கும். போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் மழைநீரைப் பிடித்து மூடிவைத்துக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு மூன்று வகை போதும்: ஒரு டென்ட்ரோபியம், ஒரு வாண்டா, ஒரு பெலனாப்சிஸ். மூன்றின் சுபாவமும் பிடிபட்ட பிறகு, அதாவது மூன்றையும் யோசிக்காமலே பார்த்துக்கொள்ள முடிகிறது என்ற நிலை வந்ததும், நான்காவது வகையை வாங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4% பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. நெடுநாள் தவறில்லாமல் செடி பார்த்தவர் ஒரே நாளில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவது, நன்கு தெரிந்த செடியின் பராமரிப்பை மறந்து தடுமாறுவது, குறிப்பேட்டில் தான் எழுதியதே புரியாமல் விழிப்பது போன்றவை திரும்பத் திரும்ப நடந்தால், வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே தோற்றம் காட்டும். அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. 1992 முதல் இயங்கும் இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கம் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. நோய் உறுதியானாலும் செடிகளை அப்புறப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் முன்பு சொன்ன ஆலோசனை இங்கே தலைகீழாகும்: வகைகளைக் குறைத்து, பொறுத்துக்கொள்ளும் டென்ட்ரோபியம் ஒன்றிரண்டை மட்டும் வைத்து, தண்ணீர் ஊற்றும் கிழமையைப் பெரிய எழுத்தில் தொட்டியிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். காலையில் கூட ஒருவர் நின்று, வேர் வெள்ளியாக இருக்கிறதா பச்சையாக இருக்கிறதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.